கொதிக்கும் கழிவில் ஓர் எரிபொருள்

செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. குடியிருக்காதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது. புளித்த கஞ்சியும் வெந்த பழமும் பழைய எண்ணெயும் ஒன்றாகக் கலந்த வாடை அது. பேராக்கில் நான் வளர்ந்த தோட்டத்தில், காற்று ஆலைப் பக்கமிருந்து அடிக்கத் தொடங்கினால் அம்மா ஓடிப்போய்க் கொடியில் காயும் பள்ளிச் சீருடைகளை எடுத்து உள்ளே போடுவார். அப்பா மட்டும் அந்த வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் அந்த ஆலையில் பாய்லர் பார்த்தவர். எங்கள் சோறு அதிலிருந்துதான் வந்தது.

அந்தக் கழிவுக் குட்டையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. எழுத வைத்தவள் என் அண்ணன் மகள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை ஆய்வு செய்கிறாள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அவள் முகம் சரியில்லை. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: "சித்தப்பா, மூணாவது தடவையும் செத்துப்போச்சு."

செத்தது அவள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நுண்ணுயிர்கள். செம்பனை ஆலைக் கழிவுநீரைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைத் தருபவை. இரண்டு வாரம் நன்றாக வாயு வந்தது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. இதற்கிடையில் சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஆய்வுக் கருவிகளை விற்கும் வேலை, நல்ல சம்பளம். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணிக்கு அந்த வேலைதான் பிடித்திருக்கிறது. அம்மாவோ வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: "குட்டைத் தண்ணியக் காய்ச்சுறதுக்கா இவ்வளவு படிக்க வச்சோம்?"

எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க சித்தப்பா. இது என்னைக்காவது வேலைக்கு ஆகுமா?"

நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் வாரா வாரம் எதையாவது படித்து உங்களுக்குச் சொல்லும் வேலையில் இருப்பவன். அவளுக்குப் பதில் சொல்வதற்காகப் படித்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சூட்டோடு பிறக்கும் கழிவு

தோட்டத்திலிருந்து லோரியில் வந்து இறங்கும் செம்பனைக் குலைகளை முதலில் பெரிய இரும்பு உருளைகளில் அடைத்து, 140 டிகிரி செல்சியஸ் அளவுள்ள நீராவியில் வேக வைப்பார்கள். அதன் பிறகுதான் பழங்களைக் குலையிலிருந்து உதிர்த்து, கூழாக்கி, பிழிந்து எண்ணெய் எடுப்பது. வேக வைத்த நீர், எண்ணெயைத் தெளிய வைத்தபின் மிஞ்சும் சேற்று நீர், கழுவிய நீர் எல்லாம் சேர்ந்து கெட்டியான பழுப்பு நிறக் கழிவாக வெளியே வருகிறது. ஒரு டன் செம்பனை எண்ணெய்க்கு ஏறத்தாழ 3 டன் கழிவுநீர். அதில் நூற்றுக்கு 95 பங்கு வெறும் தண்ணீர்தான். மிச்சம் இருப்பது நாரும் மாவும் சர்க்கரையும் கொஞ்சம் எண்ணெயும். வாடைக்குக் காரணம் அந்த மிச்சம்தான்.

மலேசியாவில் இப்படி 400க்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. பழைய வழக்கம், கழிவைத் திறந்த குட்டைகளில் விட்டு வாரக்கணக்கில் மக்க வைப்பது. குட்டையின் அடியில் காற்று புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. குட்டையில் முட்டை முட்டையாகக் குமிழி வருமே, அதுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. அதனால்தான் 2014 முதல் புதிதாகக் கட்டப்படும் ஆலைகள் இந்த வாயுவைப் பிடித்து வைக்கும் வசதியோடு வர வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை போட்டது.

இங்கே நான் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. சின்ன வயதில் எத்தனையோ முறை பார்த்தும் யோசித்ததில்லை. ஆலையிலிருந்து வெளியே வரும்போது அந்தக் கழிவு 80 முதல் 90 டிகிரி சூட்டில் இருக்கிறது. வாய்க்காலில் ஆவி பறக்கும். குட்டையில் வேலை செய்யும் சாதாரண நுண்ணுயிர்கள் அந்தச் சூட்டில் வெந்து செத்துவிடும். அதனால் முதலில் கழிவை ஆற வைக்கிறார்கள். ஆற வைப்பதற்கென்றே தனிக் குட்டை உண்டு. அதாவது, விறகும் நாரும் ஓடும் எரித்து அப்பா போன்றவர்கள் உண்டாக்கிய சூட்டை நாம் வானத்துக்கு விட்டுவிடுகிறோம்.

அந்தச் சூட்டிலேயே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் கிடைத்தால்? அண்ணன் மகளின் ஆய்வு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

வெந்நீரில் குடித்தனம்

சூட்டில் உயிர் வாழும் நுண்ணுயிர்கள் நமக்கு அந்நியமல்ல. கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பி.சி.ஆர். சோதனை செய்துகொண்டோமே, அந்தச் சோதனைக்குப் பின்னால் இருப்பது அப்படிப்பட்ட ஒன்றுதான். 1966-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து தாமஸ் பிராக் என்ற ஆய்வாளரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் ஒரு நுண்ணுயிரை எடுத்து வளர்த்தார்கள். 1969-இல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயர் வைத்தார்கள். சூட்டில் கெடாத அதன் நொதி ஒன்று பிற்காலத்தில் பி.சி.ஆர். சோதனைக்கு அடிப்படையானது. ஊற்றுநீரில் கிருமியைத் தேடிய அந்த நாளில், இது எதற்குப் பயன்படும் என்று பிராக்குக்கே தெரியாது.

அதன் பிறகு உலகெங்கும் வெந்நீர் ஊற்றுகளில் தேடல் நடந்தது. நியூசிலாந்தின் ஊற்று ஒன்றில் கிடைத்த கால்டிசெல்லுலோசிரப்டர் சாக்கரோலிட்டிகஸ் என்ற நுண்ணுயிர் 70 டிகிரியில் செழித்து வளர்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'சூட்டில் செல்லுலோஸை உடைப்பது' என்பதுதான் அதன் பொருள். அதன் உறவுக்காரர் ஒருவர் ரஷ்யாவின் கம்சாட்கா தீபகற்பத்தில் 75 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வாழ்கிறார். அவருடைய நொதி, செடியின் நாரை மேலிருந்து சீவுவதோடு நிற்காமல், குழி பறித்து உள்ளேயும் இறங்குகிறது.

நாமும் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறவர்கள்தான். பேராக் சுங்கை கிளாவிலும் சிங்கப்பூர் செம்பவாங்கிலும் கூடையில் முட்டையை இறக்கி அவிக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். முட்டை வேகும் அதே நீரில் கோடிக்கணக்கான உயிர்கள் சாவகாசமாகக் குடித்தனம் நடத்துகின்றன. சுங்கை கிளாவில் பல வகை நுண்ணுயிர்கள் இருப்பதை மலேசிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இப்படிப்பட்ட நுண்ணுயிரைத் தேடி நியூசிலாந்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. செம்பனைக் கழிவுநீரில் ஹைட்ரஜன் தயாரித்துக்கொண்டிருந்த ஓர் ஆய்வுக் கலனிலிருந்து, 60 டிகிரியில் நன்றாக வேலை செய்யும் ஒரு நுண்ணுயிரைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். நம் ஆலைக் கழிவுக்கு ஏற்ற வேலைக்காரன் அந்தக் கழிவிலேயே இருந்திருக்கிறான்.

ஹைட்ரஜன் எப்படி வருகிறது?

நாம் சாப்பிட்ட சோற்றை எரிக்க மூச்சுக் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் உதவுகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிருக்கு அந்த வசதி இல்லை. சர்க்கரையை உடைக்கும்போது மிஞ்சும் எலெக்ட்ரான்களை அது எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். சுற்றியுள்ள நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள்மேல் இறக்கி வைக்கிறது. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாகக் குமிழி விடுகின்றன. நமக்கு எரிபொருள்; அதற்குக் குப்பை.

இதில் சூடு மூன்று வகையில் கைகொடுக்கிறது. முதலாவது, சூடு ஏற ஏற, எலெக்ட்ரான்களை ஹைட்ரஜனாக்குவது நுண்ணுயிருக்கு எளிதாகிறது. சாதாரணச் சூட்டில் வேலை செய்பவை ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து பெரும்பாலும் 2 ஹைட்ரஜன் மூலக்கூறுகளோடு நின்றுவிடுகின்றன. வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்கள் 4-ஐ நெருங்குகின்றன. இரண்டாவது, ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாக்கிவிடும் பங்காளிகளும், சர்க்கரையைப் புளிக்க வைத்து வீணாக்கும் கிருமிகளும் அந்தச் சூட்டில் தலையெடுப்பது கடினம். மூன்றாவது, எண்ணெய்ப் பிசுக்கும் நாரும் சூட்டில் இளகி, உடைவதற்கு வாகாகின்றன.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் நிலைமை தெரியும்.

ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து 4 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் என்பதுதான் இந்த வழியின் உச்சவரம்பு. ஏட்டுக் கணக்கின்படி 12 வரை வர வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு சக்தி அசெட்டிக் அமிலமாக, அதாவது நம் வீட்டு வினிகரில் உள்ள அதே புளிப்பாக, நீரிலேயே தங்கிவிடுகிறது. எடையில் சொன்னால், ஒரு கிலோ சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் 45 கிராம் ஹைட்ரஜன். ஹைட்ரஜனில் ஓடும் ஒரு கார் ஒரு கிலோவில் சுமார் 100 கிலோமீட்டர் போகும்.  அதற்கு 22 கிலோ சர்க்கரை வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சர்க்கரையில் இதைச் செய்வது பைத்தியக்காரத்தனம். யாருக்கும் வேண்டாத கழிவில் செய்தால் மட்டுமே இதைப் பற்றிப் பேசலாம்.

இன்னும் தடைகள் உண்டு. பழம் உதிர்ந்த வெறும் குலைகள் ஆலையில் மலைபோல் குவிகின்றன. அவற்றிலும் செல்லுலோஸ் நிறைய இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி லிக்னின் என்ற பொருள் சிமெண்டு பூசியது போல இறுகியிருக்கிறது. அதை உடைக்காமல் உள்ளே இருக்கும் சர்க்கரை கிடைக்காது, உடைப்பதற்குச் செலவாகும். கலனுக்குள் ஹைட்ரஜன் தேங்கினாலும் வம்பு. வெளியே எடுத்துக்கொண்டே இருக்காவிட்டால் நுண்ணுயிர் வேலையை மாற்றிக்கொண்டு அமிலமோ சாராயமோ தயாரிக்கப் போய்விடும். கிடைக்கும் வாயுவிலும் கரியமில வாயு கலந்திருக்கும். செடி காற்றிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறது என்பதால் அதனால் பூமிக்குப் புதிய பாரமில்லை. ஆனாலும் காருக்கோ பேருந்துக்கோ ஊற்றுவதற்கு முன் அதைப் பிரித்தாக வேண்டும்.

அப்படியானால் எதற்கு?

ஹைட்ரஜன் என்றாலே சுத்தம் என்று நினைக்கிறோம். எரியும்போது தண்ணீர்தான் மிஞ்சுகிறது என்பது உண்மை. ஒரு கிலோ ஹைட்ரஜனில் ஒரு கிலோ பெட்ரோலைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தி இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் உலகம் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கும் மேல் தயாரிக்கும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க, 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. சரவாக் வேறு வழியில் போகிறது: அணைகளில் கிடைக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்க 2019-இல் கூச்சிங்கில் ஒரு நிலையம் திறந்து, அதில் ஓடும் பேருந்துகளையும் கொண்டுவந்தது. மத்திய அரசு 2023-இல் ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கான தேசியத் திட்ட வரைவை வெளியிட்டது.

இந்தப் பெரிய ஆட்டத்தில் குட்டைத் தண்ணீருக்கு என்ன இடம்? அணைக்கட்டோடு அது போட்டி போட முடியாது. போட வேண்டியதும் இல்லை. கழிவை எப்படியும் சுத்திகரித்துத்தான் ஆற்றில் விட வேண்டும். அது எப்படியும் சூடாகத்தான் வருகிறது. நுண்ணுயிர்கள் எப்படியும் அதைத் தின்னத்தான் போகின்றன. அந்த வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தால் என்ன என்பதுதான் ஆய்வாளர்களின் யோசனை. முதல் கலனில், சூட்டோடு, ஹைட்ரஜன். மிஞ்சும் புளித்த நீரை இரண்டாவது கலனுக்கு அனுப்பினால், அங்கே வேறு நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தை மீத்தேனாக்கும். முதலில் கைநழுவிய மூன்றில் இரண்டு பங்கு சக்தியில் பெரும்பகுதி இப்படித் திரும்பி வருகிறது. இரண்டையும் கலந்தால், வெறும் மீத்தேனைவிடச் சுத்தமாக எரியும் வாயு கிடைக்கும். அதை வைத்து ஆலையிலேயே மின்சாரம் எடுக்கலாம். திறந்த குட்டையில் கிளம்பும் வாயுவும் வாடையும் குறையும்.

நம் காருக்கு இலவச எரிபொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் சீருடையில் வாடை ஏறாமல் இருக்கும் என்று சொன்னால், அதை நான் நம்பத் தயார்.

அப்பா சொன்னது

இவ்வளவையும் படித்துவிட்டு இரண்டு வாரம் கழித்து அண்ணன் மகளை மறுபடி அப்பா வீட்டில் சந்தித்தேன். படித்ததைச் சொன்னேன். பாதிக்கு மேல் அவளுக்குத் தெரிந்ததுதான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அப்போது சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "அது எப்ப செத்துச்சு?"

அவள் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். மூன்று முறையும் வார இறுதி. மூன்று முறையும் ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை. கடைசி முறை மின்தடை வந்து, சூடேற்றும் கருவி நின்றுவிட்டிருக்கிறது. 60 டிகிரியில் இருக்க வேண்டியது 30-க்கு இறங்கிக் கிடந்திருக்கிறது. கழிவுநீரோடு வந்த சாதாரணப் புளிப்புக் கிருமிகள் அந்த இடைவெளியில் கலனைப் பிடித்துக்கொண்டன. பிறகு சூட்டை ஏற்றியும் பயனில்லை. முதல் இரண்டு முறையும் அப்படித்தானா என்று அவள் பார்க்கவே இல்லை. நுண்ணுயிர்தான் சரியில்லை என்று நினைத்து அதையே மாற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பாய்லர்ல நெருப்பு வைக்கிறது பெரிய வேலை இல்லம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு அது இறங்காமப் பார்த்துக்கிறதுதான் வேலை. நான் அதுக்குத்தான் சம்பளம் வாங்கினேன்."

அவள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்து, பாய்லரின் சூட்டைக் கையால் எப்படிக் கணிப்பார், ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் என்ன சொல்லிவிட்டு வருவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். ஓய்வு பெற்ற பிறகு அப்பாவிடம் அவருடைய வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. நான் உட்பட.

அவளுடைய கேள்விக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: "வேலைக்கு ஆகும். ஆனால் சீக்கிரமாக இல்லை, நீ நினைக்கும் இடத்திலும் இல்லை. ஆலைக் குட்டைக்குப் பக்கத்தில்தான் முதலில் ஆகும். அதற்குச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் வேண்டும். நீ இருப்பதும் போவதும் உன் விருப்பம். போனால் தோற்றுப் போனதாக யாரும் சொல்ல மாட்டோம். அந்தக் கலன் ஏன் நின்றது என்று தெரிந்துகொண்டு போ."

சிங்கப்பூர் நிறுவனத்திடம் மூன்று மாத அவகாசம் கேட்டிருக்கிறாள். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. அண்ணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான்காவது முறையாகக் கலனை ஏற்றியிருக்கிறாள். மின்சாரம் போனாலும் சூடு நிற்காதபடி மின்கலமும், சூடு இறங்கினால் கைப்பேசிக்குத் தகவல் வரும் ஏற்பாடும் செய்திருக்கிறாள்.

தினமும் மாலையில் அப்பா அவளுக்குப் போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பு அவர் கேட்பது: "சூடு எவ்வளவும்மா இருக்கு?"